புதுப் புத்தகங்களை அடுக்க ஒரு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே! எங்கள் தெருப் படிப்பகத்துக்கு மூன்று அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. பதிவேட்டில் எண் போட்டு முத்திரையும் குத்தியாயிற்று (மை காயுமுன் மூடி இரண்டு பக்கம் பாழ், அது வேறு கதை).

சிக்கல் அடுக்குவதில்தான். டூயி முறையில் (பொருள்வாரியாகப் புத்தகங்களுக்கு எண் கொடுக்கும் நூலக முறை) தமிழ் இலக்கியம் முழுக்க 894.811-க்குள் வந்துவிடுகிறது. புள்ளிக்குப் பின் இன்னும் எண்களை நீட்டினால் படிக்க வரும் பிள்ளைகள் மிரளுகிறார்கள். 1933-இல் வந்த, நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் கோலன் பகுப்புமுறையோ எனக்கே எட்டவில்லை. அதனால் நாவல், சிறுகதையை ஆசிரியர் பெயர் வரிசையில் வைக்கலாமென்று பார்க்கிறேன். ஆனால் இனிஷியலில் தொடங்குவதா, பெயரிலா? புனைபெயர்க்காரர்களை என்ன செய்வது?

அபுனைவில் (கதையல்லாத நூல்களில்) ஒரே ஒரு கேள்வி: வாழ்க்கை வரலாறுகளுக்குத் தனித் தட்டா, அவரவர் துறையோடா?

நூலகத்தில் வேலை பார்ப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அடுக்கியாக வேண்டும்.