வெள்ளத்தில் விவரத்துண்டு கரைந்த கற்கள்: பழைய புவிச்சரிதவியலாளர்கள் என்ன செய்தார்கள்?

கேள்வி (விஞ்ஞான ஆசிரியர், மட்டக்களப்பு)

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்த கற்கள் அறுபதுக்கு மேல் உள்ளன. 2011 தை மாத வெள்ளத்தில் அலுமாரியின் கீழ்த்தட்டு மூழ்கியபோது, கற்களின் அடியில் வைத்திருந்த காகிதத் துண்டுகள் கூழாகிவிட்டன. கற்களைக் கழுவி எடுத்துவிட்டோம். ஆனால் எது படுவான்கரையில் எடுத்தது, எது குடும்பிமலை அடிவாரத்தில் எடுத்தது என்று சொல்ல இன்று பாடசாலையில் யாருமில்லை. இப்போது மாத்தளையிலுள்ள ஒரு பாடசாலை, தங்கள் பக்கத்துப் பளிங்குச் சுண்ணாம்புக்கல்லைத் தந்து எங்கள் கற்களைப் பெற விரும்புகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து மாதிரிகளைப் பரிமாறியவர்கள் இவ்விடயத்தை எப்படிக் கையாண்டார்கள்?

மறுமொழி 1 (அக்கரைப்பற்று)

வணக்கம் ஐயா. அவர்கள் காகிதத்தை நம்பியிருக்கவில்லை. மாதிரியோடு ஓர் இலக்கத்தைப் பிணைத்தார்கள். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் பயணித்த டார்வின், ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, அது கிடைத்த இடத்தைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பெட்டிகளைக் கேம்பிரிட்ஜில் தம் ஆசிரியராக இருந்த தாவரவியலாளர் ஹென்ஸ்லோவுக்கு அனுப்பினார். ஹென்ஸ்லோ 1833 இல் எழுதிய மறுமடலில், 233 ஆம் இலக்கத்தில் வந்தது வெடித்துக் கருகிய புகைக்கரிக் குவியல்போல் இருக்கிறதே, அது என்னவென்று கேட்கிறார். பொருள் உருக்குலைந்துபோயும் இலக்கம் பிழைத்திருந்ததால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது.

கடிதம் எழுதுவதும் அன்று எளிதாக இருக்கவில்லை. பிரித்தானியாவில் 1840 இல் ஒரு பென்னித் தபால் வரும்வரை, தாள்களின் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்பப் பெரும்பாலும் பெறுபவரே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. ஆகவே பலர் ஒரே தாளில் நெடுக்காக எழுதி முடித்தபின், அதைத் திருப்பிப் பிடித்து முந்தைய வரிகளின் மேலேயே குறுக்காகவும் எழுதினார்கள்.

மறுமொழி 2 (கல்முனை)

எடுத்த இடம் தெரிந்திருப்பதன் வலிமைக்கு மான்டெல்லின் கதையே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் சசெக்ஸில் மருத்துவராக இருந்த அவரிடமிருந்த ஒரு புதைபடிவப் பல்லை, 1823 இல் புவிச்சரிதவியலாளர் லயல் பாரிசுக்கு எடுத்துச் சென்று குவியேயிடம் காட்டினார். விலங்குகளின் எலும்புகளையும் புதைபடிவங்களையும் ஆராய்வதில் அக்காலத்தின் மிகப் பெரிய அறிஞரான குவியே, அது காண்டாமிருகத்தின் பல் என்றார். எனினும் அந்தப் பல் எந்தப் பாறைப் படையிலிருந்து வந்தது என்பது மான்டெல்லுக்குத் தெரியும். அவ்வளவு பழைய படையில் காண்டாமிருகம் இருக்க இடமில்லை என்பதில் அவர் உறுதியாக நின்றார். அடுத்த ஆண்டு குவியே தம் கருத்தை மாற்றிக்கொண்டார்; 1825 இல் அந்தப் பல்லுக்குரிய, இன்று டைனோசர் என்று நாம் அறியும் விலங்குக்கு மான்டெல் இட்ட இகுவானோடன் என்ற பெயர் வெளிவந்தது.

நம் நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. ஆனந்த குமாரசுவாமி இலங்கையின் கனிய ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், சப்ரகமுவ மாணிக்கச் சரளையில் கிடைத்த கனமான கருங் கனசதுரங்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அங்கே வேதியியலாளர் டன்ஸ்டன் அவற்றைப் பகுத்தாய்ந்தார். 1904 இல் தோரியனைட் என்ற புதிய கனியம் அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டு, இலண்டனில் வேதியியலாளர் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் இருந்த ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ஹான், இலங்கைத் தோரியனைட்டிலிருந்தே ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார்.

மறுமொழி 3 (திருக்கோவில்)

தயவுசெய்து பழைய கற்களுக்கு ஊகித்து இடம் எழுதவேண்டாம். கிழக்கில் பெரும்பாலும் விஜயன் தொகுதி எனப்படும் பழம்பாறைத் தொகுதியின் நைசுப் பாறைகளே (வரிவரியான உருமாறிய பாறைகளே) இருக்கின்றன. கறுப்பும் வெள்ளையுமான அந்த வரிகளைக் கண்ணால் மட்டும் பார்த்து, இது இன்ன ஊர்க் கல் என்று சொல்ல இயலாது. மாத்தளைக்குப் புதிதாக எடுத்த கற்களையே அனுப்புங்கள். கல்லின் ஒரு மூலையில் விரல்நுனி அளவு வெள்ளைப் பெயின்ற் பூசி, காய்ந்தபின் அழியா மையால் இலக்கமிட்டு, மேலே நிறமற்ற நகப்பூச்சைத் தடவிவிட்டால் நீரில் நனைந்தாலும் அழியாது. குறிப்பேட்டில் இரண்டு படிகள் எழுதி, ஒன்றைக் கற்களோடு அனுப்புங்கள். எங்கள் கடற்கரைக் கருமணலும் வேண்டுமானால் ஒரு போத்தல் தருகிறேன்.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பழைய கற்களுக்கு இலக்கம் மட்டும் இட்டு, இடத்துக்குரிய நிரலை வெறுமையாக விடப்போகிறேன். அவற்றைக் கொண்டுவந்த பழைய மாணவர்கள் சிலர் இன்னும் வாவிக்கு அப்பால்தான் இருக்கிறார்கள். கற்களை ஒரு சாக்கில் எடுத்துப்போய், தாங்கள் கொண்டுவந்தது எதுவென்று அவர்களிடமே கேட்கலாம் என்றிருக்கிறேன். கருமணல் கட்டாயம் வேண்டும், ஐயா. எந்த இடத்தில், எந்த நாளில் அள்ளியது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.