28 டிகிரி முதுகெலும்பு வளைவு: பிரேஸ் போட்டும் 24தான், பட்டையை இறுக்கலாமா?

கேள்வி:
12 வயதுப் பெண். முதுகெலும்பில் மார்புப் பகுதியில் வலப்பக்க வளைவு (ஸ்கோலியோசிஸ்), அதன் உச்சம் 8-வது மார்பு முள்ளெலும்பில். காப் கோணம் (எக்ஸ்ரேயில் அளக்கும் வளைவின் அளவு) 28, ரிஸ்ஸர் 0 (எலும்பு முதிர்ச்சியின் அளவு; 0 என்றால் வளர்ச்சி இன்னும் பாக்கி). பிரேஸோடு (வளைவைத் தள்ளிப் பிடிக்க உடம்பில் அணியும் கெட்டிக் கூடு) எடுத்த எக்ஸ்ரேயில் 24. இது போதுமா?

பதில் 1:
போதாதுங்க. காப் அளவீட்டிலேயே 5 டிகிரி வரை முன்னே பின்னே வரும். 4 டிகிரியைத் திருத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது. நெகிழ்வான வளைவில் பாதியாவது குறையணும், அதாவது 14 பக்கம்.

பட்டையை இறுக்கும் முன் பேடின் (பிரேஸுக்குள் வளைவை அழுத்தும் மெத்தை) இடத்தைப் பாருங்க. விலா எலும்பு முதுகிலிருந்து கீழ்நோக்கிச் சரிந்து வருது. பக்கவாட்டில் உச்சத்தின் மட்டத்திலேயே அழுத்தினால் விசை உச்சத்துக்கு மேலே உள்ள முள்ளெலும்புகளுக்குப் போய்விடும். பேட் சற்றுக் கீழே, 8, 9-வது விலாக்கள் மேல் உட்காரணும். இடது அக்குளும் இடது இடுப்பும் எதிர்விசை தரணும். பேடுக்கு நேரெதிரே உடல் நகர வெற்றிடமும் வேணும். அது இல்லாத பிரேஸை எவ்வளவு இறுக்கினாலும் விலாக்கூடுதான் நசுங்கும்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன்: பின்னாலிருந்து நேராகத் தள்ளும் பேட் வேண்டாம். இவ்வகை வளைவில் முதுகு ஏற்கெனவே தட்டையாக இருக்கும், இன்னும் தட்டையாகும்.

பதில் 3:
அணியும் நேரத்தையும் கவனிங்க. பிரேஸின் பலனைச் சோதித்து 2013-ல் வெளிவந்த பிரெய்ஸ்ட் ஆய்வில் சராசரியாக நாளுக்கு 12.9 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. அந்த ஆய்வில் அணியச் சொன்னது நாளுக்குக் குறைந்தது 18 மணி நேரம். உள்ளே தையலில்லாத பருத்தி பனியன் போடுங்க. கழற்றி அரை மணியில் மறையாத சிவப்பு இருந்தால் பிரேஸ் செய்தவரிடமே திருத்துங்க, வீட்டில் வெட்டாதீங்க.