மறு: டைல்ஸ் பணியில் நலமும் பாதுகாப்பும் – ‘முன்கருதல்’ என்ற சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். டைல்ஸ் பதிக்கும் முன்பு, வேலையாட்களின் உடலுக்கு என்னென்ன வரலாம் என்று பார்த்துப் போடும் திட்டத்துக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘உடல்நல மற்றும் பாதுகாப்புத் திட்டமிடல்’ என்று வைக்கலாம் எனச் சென்ற மடலில் வந்தது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. நீளம் ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, வேலை நடக்கும் இடத்தில் ‘பாதுகாப்பு’ என்றதும் ஹெல்மெட்டும் கேட்டில் நிற்கும் காவலாளியும்தான் நினைவுக்கு வருவார்கள். தூசியும் சிமென்ட்டும் அந்தச் சொல்லுக்குள் வருவதே இல்லை.

எங்கள் களியக்காவிளைப் பக்கத்துக் கொத்தனார்களும் கையாட்களும் கேரள எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று வேலைக்குப் போய்வருகிறவர்கள். ‘முன்கருதல்’ என்ற மலையாளச் சொல் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கொரோனா காலத்தில் அங்கே அறிவிப்புகளிலெல்லாம் அதுதான். மலையாளத்தில் ‘கருதி வைப்பது’ என்றால், பின்னால் தேவைப்படும் என்று எடுத்து வைப்பது. முன், கருது இரண்டும் நம்முடைய சொற்களும்தான். திட்டத்துக்குப் ‘பணி முன்கருதல்’, அதை எழுதிவைக்கும் தாளுக்கு ‘முன்கருதல் குறிப்பு’ என்பது என் பரிந்துரை.

‘முன்னெச்சரிக்கை’ போதாதா என்று ஐயா கேட்டிருந்தீர்கள். எச்சரிக்கையைப் பலகையில் எழுதி மாட்டிவிட்டுப் போய்விடலாம். முன்கருதலில் வேலை செய்கிறவரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும், வேண்டிய பொருளும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து, ‘ஆபத்து’ என்ற ஒரே சொல்லை இரண்டு கருத்துக்குப் போட்டுக் குழப்புகிறோம். தீங்கு செய்யக்கூடிய பொருளையோ நிலையையோ ‘கேடு’ என்போம். அது நம்மைத் தாக்கும் வாய்ப்பும், தாக்கினால் எவ்வளவு கடுமை என்பதும் சேர்ந்தது ‘இடர்’. விட்ரிஃபைட் டைல்ஸில் குவார்ட்ஸ் என்ற சிலிக்காக் கனிமம் இருக்கிறது. அறுத்தால் சிலிக்கா தூசி பறக்கும். அது கேடு, எங்கே அறுத்தாலும் கேடுதான். மூடிய குளியலறைக்குள் கட்டிங் மெஷினை வைத்து உலர அறுத்தால் இடர் மிக அதிகம். வெளியே, தண்ணீர் விட்டு அறுத்தால் குறைவு. நுரையீரலின் ஆழம்வரை போகும் துகள் கண்ணுக்கே தெரியாது என்பதால், ‘தூசி அடங்கிவிட்டது’ என்ற நம்பிக்கை ஏமாற்றும். முகத்தில் சுற்றும் துண்டு அந்தத் துகளைத் தடுக்காது. குறைந்தது என்95 முகக்கவசமாவது வேண்டும். இந்தத் தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவரும், வந்தால் குணப்படுத்த மருந்து கிடையாது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது.

சரி, தண்ணீர் விட்டால் தீர்ந்ததா? இல்லை. அங்கேதான் ‘முன்கருதல்’ என்ற சொல் தன் வேலையைச் செய்கிறது. தண்ணீர் வந்ததும் மின்சாரம் புதிய கேடாகிறது. தற்காலிகமாக இழுத்த வயர், ஈரத் தரை, தண்ணீருக்கென்று செய்யப்படாத கையடக்க மெஷின் மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும். ஆகவே தண்ணீர்த் தொட்டியோடு வரும் டைல்ஸ் கட்டர், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி, அறுக்கும் இடம் எது என்பதெல்லாம் முதல் டைல்ஸை இறக்கும் முன்பே முடிவாக வேண்டும். ஒரு கேட்டுக்குச் சொல்லும் தீர்வு இன்னொரு கேட்டைக் கொண்டுவருகிறதா என்ற கேள்வி குறிப்பின் படிவத்திலேயே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

ஈர சிமென்ட்டின் காரத்தன்மை pH அளவில் 12-க்கும் மேல், தோலைப் புண்ணாக்கும். அதிலுள்ள குரோமியத்தால் ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு சிமென்ட்டைத் தொடவே முடியாது, பிழைப்பே போய்விடும். இதைச் ‘சாந்துக்கேடு’ என்றும், தூசியைத் ‘தூசிக்கேடு’ என்றும், நாள் முழுக்க முட்டுக்குத்தி நிற்பதால் வருவதை ‘முட்டுக்கேடு’ என்றும் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், வாயில் தடையில்லாமல் வருகிறது.

‘முன்கருதல்’ மலையாளம் என்று ஒதுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டடத் தொழிலாளருக்காக 1996-இல் வந்த சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கென்று எழுதப்பட்டது. வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க வருவது ஒரு கொத்தனாரும் இரண்டு கையாட்களும். அவர்களிடம் எந்த அதிகாரியும் தாள் கேட்க மாட்டார். அவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சொல் வேண்டும், அது அவர்கள் காதுக்குப் பழகியதாக இருந்தால் நல்லது.

மின்கசிவில் துண்டிக்கும் கருவிக்குக் ‘கசிவுத் துண்டிப்பான்’ சரியா? மின்துறை நண்பர்கள் சொல்லுங்கள். மறுப்பில்லை என்றால் ‘பணி முன்கருதல்’, ‘முன்கருதல் குறிப்பு’, ‘கேடு’, ‘இடர்’ நான்கையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்,
களியக்காவிளையிலிருந்து