முதுகுப்பை ஐரோப்பா: காசை மிச்சம் பிடித்த இடங்களில் கிடைத்த மனிதர்கள்

போலந்து, ஆஸ்திரியா, ஹங்கேரி, பிரான்ஸ், ஜெர்மனி என்று நானும் என் கல்லூரித் தோழியும் ஆளுக்கொரு பையோடு சுற்றி வந்தோம். எந்த ஊரில் எவ்வளவு செலவாகும் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது வழியில் சந்தித்தவர்களைப் பற்றி. செலவைக் குறைக்க எங்கெல்லாம் ஒதுங்கினோமோ அங்கெல்லாம்தான் பேச ஆள் கிடைத்தது. தனி அறை எடுத்து டாக்சியில் போயிருந்தால் இவர்களில் ஒருவரையும் பார்த்திருக்க மாட்டோம்.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஐந்து நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும், தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா அது. கட்டணம் 90 யூரோ, கூடவே குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 180 நாள் கணக்கில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. போலந்திலும் ஹங்கேரியிலும் யூரோ கிடையாது, ஸ்லோட்டி, ஃபோரின்ட் என்று அவரவர் பணம். பருப்புப் பொடி கொண்டு போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுபோகத் தடை என்பதால் நெய்யை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

போலந்தின் கிராகோவில் எங்களைக் காப்பாற்றியது 'பார் மிலெச்னி'. பால் உணவகம் என்று சொல்லலாம். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தொழிலாளர்களுக்காக ஊர் ஊராகப் பெருகியவை. இறைச்சி சேராத பல பண்டங்களுக்கு இன்றும் அரசு மானியம் உண்டு. பலகையில் எல்லாம் போலிஷ் மொழியில்தான் இருந்தது. நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா ஆங்கிலத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை. மகள் அயர்லாந்தில் இருப்பதால் ஆங்கிலம் பழகிக்கொண்டாராம். என் தோழி சைவம் என்றதும் 'பியெரோகி ருஸ்கியே' வாங்கச் சொன்னார். மாவுக்குள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து வேகவைத்தது. அதோடு விடாமல் கவுன்டரில் தானே போய், 'பெஸ் ஸ்க்வாரெக்' என்று அழுத்திச் சொன்னார். உள்ளே இருப்பது சைவம்தான், ஆனால் மேலே பன்றிக் கொழுப்பை வறுத்துத் தூவிவிடுவார்கள். அது வேண்டாம் என்று கேட்டால்தான் முழுச் சைவம். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த இரண்டு சொல்லை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசையிலேயே உட்கார்ந்தார். 1981-லிருந்து 1989 வரை போலந்தில் இறைச்சிக்கு ரேஷன் அட்டை இருந்ததைச் சொன்னார். அட்டை இருந்தும் கடையில் சரக்கு இருக்காது, வரிசையில் நிற்பதே பாதி வேலை என்றார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரேஷன் அட்டை இருக்கிறது, அரிசி இலவசம் என்றேன். அவருக்கு ஆச்சரியம். யார் தருகிறார்கள், எவ்வளவு, வரிசை உண்டா, எடை சரியாக இருக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. சூப் ஆறிப் போனது. பேசிக்கொண்டே குடித்து முடித்து, காலித் தட்டை எந்த ஜன்னலில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுத்தான் போனார்.

ஆஸ்திரியாவின் வியன்னா விலை கூடிய ஊர். ஆனாலும் அங்கே அரசு ஓபெராவில், அதாவது இசை நாடக அரங்கில், நின்றுகொண்டு பார்க்க இருபது யூரோவுக்குள் சீட்டு கிடைக்கும். உள்ளே போனதும் எல்லோரும் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கம்பியில் கட்டினார்கள். நம் பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். கட்டிவிட்டு வெளியே போய் வரலாம், யாரும் அந்த இடத்தைத் தொட மாட்டார்கள். எங்களிடம் துணி இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் தன் துணியின் நீளத்தைப் பார்த்துவிட்டு, அதையே எங்கள் இடத்துக்கும் சேர்த்து நீட்டிக் கட்டினார். மாணவனாக இருந்தபோதிருந்தே நின்றுதான் பார்க்கிறாராம். இப்போது உட்காரக் காசு இருக்கிறது, ஆனால் இங்கே நிற்பவர்கள்தான் பாட்டைக் கேட்க வருகிறவர்கள் என்றார். சென்னையில் மார்கழிக் கச்சேரிகளில் காலையில் பல சபாக்களில் சீட்டே இல்லாமல் கேட்கலாம் என்று சொன்னோம். காலை எத்தனை மணிக்கு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தண்ணீர் பாட்டில் எங்கே வாங்கலாம் என்று கேட்டபோதுதான் கொஞ்சம் வருத்தப்பட்டார். வியன்னாவின் குழாயில் வருவது ஆல்ப்ஸ் மலை ஊற்று நீர், 1873 முதல் குழாய் போட்டுக் கொண்டுவருகிறோம், காசு கொடுத்துக் குடிக்காதீர்கள் என்றார். அதன்பிறகு அந்த ஊரில் நாங்கள் தண்ணீர் வாங்கவில்லை.

ஹங்கேரியின் புடாபெஸ்டில் ஒரு விடுதியில், பெண்கள் பலர் சேர்ந்து தங்கும் அறையில் படுக்கை எடுத்திருந்தோம். விடுதிச் சமையலறையில் ஓர் அலமாரி இருக்கும். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் மிச்ச அரிசி, எண்ணெய், உப்பை அதில் விட்டுச் செல்வார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அங்கே கிடைத்த அரிசியை வடித்து, எலுமிச்சம்பழம் மட்டும் வாங்கி, கடுகு மிளகாய் தாளித்துக் கொட்டினேன். மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நெடி தாங்கவில்லையோ என்று ஜன்னலைத் திறக்கப் போனேன். வேண்டாம், திறக்காதே என்றார்.

அவர் உக்ரைனில் கார்கிவ் நகரத்துக்காரர். போருக்கு முன் அங்கே ஆயிரக்கணக்கில் நம் பிள்ளைகள் மருத்துவம் படித்தார்கள் அல்லவா, இவர் வீட்டுக்கு மேல்தளத்திலும் நாலைந்து பேர் இருந்தார்களாம். மாலையானால் இந்த வாசனைதான் படிக்கட்டு முழுக்க வரும், அப்போது சண்டை போட்டிருக்கிறேன் என்றார். 2022 பிப்ரவரியில் குண்டு விழத் தொடங்கியபோது அந்த மாணவர்களும் இவரும் ஒரே மெட்ரோ நிலையத்தில் தரையில் படுத்திருந்திருக்கிறார்கள். மார்ச் 1 அன்று கடை வாசலில் உணவுக்காக வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் இறந்த செய்தி வந்தபோது, மேல்வீட்டுப் பையன்களில் ஒருவனோ என்று பதறினாராம். இல்லை. ஆனால் அவர்கள் எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியாது, பெயரும் முழுசாகத் தெரியாது. பாதி ஆங்கிலத்திலும் மீதியை போனில் மொழிபெயர்த்துக் காட்டியும் சொன்னார்.

ஆஸ்திரியாவில் வேலை பார்க்கிறார். கணவர் உக்ரைனை விட்டு வெளியே வர அனுமதி இல்லை. மறுநாள் காலை எல்லையைக் கடந்து ரயிலில் வரும் அம்மாவைக் கூட்டிப் போக வந்திருந்தார். சாதத்தை மூன்று தட்டில் போட்டுச் சாப்பிட்டோம். காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். விடிகாலையில் எழுந்தபோது அவர் படுக்கை காலியாக இருந்தது.

பாரிஸில் விடுதிப் படுக்கையின் வாடகையே கிராகோவைப் போல் இரண்டு மடங்கு. சாப்பாட்டுக்கு நேராக லாச்சப்பல் போனோம். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், இடியப்பமும் கொத்து ரொட்டியும் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். கடையிலிருந்த ஐயா, "எந்த ஊர் பிள்ளையள்?" என்று கேட்டார். மதுரை என்றோம். எந்த வழியாக வந்தோம் என்று கேட்க, நாடுகளை வரிசையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் பையோடதான் வந்தனான், 85-ல" என்றார்.

கொழும்பிலிருந்து மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின். "அங்க ரயில் ஏறி மேற்குக்கு வந்தா ஒருத்தரும் மறிக்கேல்ல. அதுக்குப் பிறகுதான் கஷ்டம்." அப்போது ஜெர்மனி கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. பெர்லினின் நடுவில் ஓடிய கோடு ஒரு நாட்டின் எல்லை என்பதை மேற்கு ஜெர்மனி ஏற்கவில்லை. அதனால் மேற்குப் பக்கத்தில் பாஸ்போர்ட் சோதனை வைக்கவில்லை. இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு ஏராளமான தமிழர்கள் அந்த வழியாகத்தான் வந்தார்கள். பிரான்ஸ் எல்லையை ராத்திரியில் காட்டுக்குள்ளால் நடந்து கடந்ததாகச் சொன்னார். எல்லைச் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே 1985-ல்தான், ஜூன் 14-ஆம் தேதி. நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச்சில். நாங்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடக்கப்போகிற எல்லையை அவர் பாம்புக்கும் போலீசுக்கும் பயந்து கடந்திருக்கிறார். அதைச் சொன்னேன். "அதுக்கென்ன, நீங்கள் நித்திரை கொண்டு போங்கோ" என்றார்.

அடுத்தது பெர்லின் என்றதும் ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸே ரயில் நிலையத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னார். போனோம். மேற்குக்குப் புறப்படுகிறவர்களைச் சோதிக்க 1962-ல் கட்டிய கூடம் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. மக்கள் அதற்கு 'கண்ணீர் மாளிகை' என்று பெயர் வைத்திருந்தார்கள். இப்போது அருங்காட்சியகம், கட்டணம் இல்லை, திங்கட்கிழமை விடுமுறை. ஒடுக்கமான அந்தச் சோதனைக் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். நுழைந்து நின்று பார்க்கலாம். எங்களுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வகுப்பு. ஆசிரியர் பிரிந்துபோன ஜெர்மன் குடும்பங்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் ஒரு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பையன்கள் இந்த நிலையத்தில் ரயில் ஏறிய கதையை யார் சொல்லப்போகிறார்கள் என்று தோன்றியது.

உங்களில் யாராவது, அல்லது உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ அந்த வழியாக வந்தவர்களாக இருந்தால் எழுதுங்கள். எந்த ரயில், கையில் என்ன இருந்தது, முதல் ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்பது வரை. அந்த ஐயாவிடம் இவ்வளவும் கேட்பதற்குள் கடையில் கூட்டம் வந்துவிட்டது.