டியூட்டரி தளத்தில எம்டி5 பாஸ்வேர்ட்: பிள்ளைகளை வெளியில தள்ளாம மாத்துறது எப்படி?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பில ஒரு டியூட்டரியின்ட பழைய தளத்தைத் திருத்தித் தரச் சொல்லியிருக்காங்க. பிஎச்பி 8.1, மைஎஸ்கியூஎல், ஷெயார்ட் ஹோஸ்டிங். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பிள்ளைகள் 1,400 பேர். பாஸ்வேர்ட் எல்லாம் சால்ட் (ஒவ்வொரு பாஸ்வேர்டோடயும் கலக்கிற வேற வேற எழுத்துகள்) இல்லாத எம்டி5 (சொல்லை 32 எழுத்து ஹாஷா மாத்துற பழைய முறை). பதியும்போது அடையாள அட்டை இலக்கத்தையே பாஸ்வேர்டாப் போட்டுக் குடுத்திருக்காங்க, பலபேர் இன்னும் மாத்தல்ல. ஒரே நாளில எல்லாருக்கும் ரீசெட் பண்ணினா ஒபிசில போன் ஓயாது.

அதுக்குப் பதிலா பிஎச்பியில இருக்கிற பாஸ்வேர்ட்_ஹாஷ் ஃபங்ஷன் போட்டுப் பார்த்தன். ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு தரமும் வேற விடை வருது, லொகின் ஆகுதேயில்ல. அதைச் சேமிக்கிற ஃபீல்ட் வார்கார் 50 (கூடினது 50 எழுத்து).

வாவிக்கரை:
ரெண்டு பிழை ஒண்டா நிக்குது. பாஸ்வேர்ட்_ஹாஷ் தாற பிகிரிப்ட் ஹாஷ் 60 எழுத்து. 50இல வெட்டுப்பட்டா எந்தக் காலத்திலயும் ஒத்துவராது. ஸ்ட்ரிக்ட் மோட் (நீளம் கூடினா பிழை காட்டி மறுக்கிற அமைப்பு) நிப்பாட்டின சேர்வரில மைஎஸ்கியூஎல் சத்தமில்லாம வெட்டும். வார்கார் 255 ஆக்குங்க. மற்றது, விடை மாறத்தான் வேணும்: ஒவ்வொரு தரமும் புது சால்ட் சேருது, அது அந்த 60 எழுத்துக்குள்ளயே கிடக்கு. அதால திரும்ப ஹாஷ் பண்ணிச் சமனா எண்டு பார்க்க ஏலாது. பெயரால ரோவை எடுத்து, அடிச்ச சொல்லையும் அதில இருக்கிற ஹாஷையும் பாஸ்வேர்ட்_வெரிஃபையிட்ட குடுங்க.

மாத்துறதுக்குப் பிள்ளைகள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்ல. இருக்கிற எம்டி5இன்ட 32 எழுத்தையே பிகிரிப்டுக்குள்ள போட்டுச் சேமிங்க, பக்கத்தில 'வகை' எண்டு ஒரு ஃபீல்ட் வைச்சு 1 போடுங்க. லொகினில வகை 1 எண்டா, அடிச்ச சொல்லை எம்டி5 ஆக்கி வெரிஃபை பண்ணுங்க. சரி வந்தா அந்த நிமிசமே அசல் சொல்லை நேரடியா ஹாஷ் பண்ணி வகை 2 ஆக்குங்க. பிஎச்பி 8.1இல கொஸ்ட் (ஹாஷ் எவ்வளவு மெதுவா ஓட வேணும் எண்ட அளவு) தானா 10தான் வரும் (8.4இலதான் 12 ஆச்சு), நீங்களே 12 குடுங்க. ஒண்டு கூட்டினா நேரம் இரட்டிக்கும். உங்கட சேர்வரில அளந்து கால் விநாடி அளவில நிப்பாட்டுங்க. அப்ப 1,400க்கும் ஆறு நிமிசம் போகும். பிரௌசரில ஓட்டினா 30 விநாடியில பாதியில நிண்டுரும், கொமாண்ட் லைனில ஓட்டுங்க.

முடிஞ்சதும் பழைய எம்டி5 ஃபீல்டை அழிங்க. ஹோஸ்டிங் ஃபோல்டரில கிடக்கிற பழைய பேக்கப் ஃபைலையும்தான்; அதை விட்டா செய்த வேலை வீண்.

சம்மாந்துறை_வயல்:
அவர் சொன்னது சரி, ஆனா உங்கட உண்மையான ஓட்டை அடையாள அட்டை. 12 இலக்கத்தில முதல் நாலும் பிறந்த வருஷம், அடுத்த மூண்டும் வருஷத்தில எத்தினையாவது நாள் (பெண்களுக்கு 500 கூட்டி). ஏ.எல். பிள்ளையின்ட வருஷம் தெரிஞ்சதுதான். மிச்சம், நாளுக்கு 732 (ஆணுக்கு 366, பெண்ணுக்கு 366) தர கடைசி 5 இலக்கத்துக்கு 1,00,000, அதாவது 7 கோடி 32 லட்சம். எம்டி5ஐ ஒரு கேமிங் கார்ட் விநாடிக்குப் பல நூறு கோடி தரம் போடும், கண் மூடித் திறக்க முதல் முடிஞ்சுது. பிகிரிப்ட் 12இல அதே கார்டுக்கு விநாடிக்கு ஆயிரத்துச் சொச்சம்தான்; எண்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் போதும். கொஸ்ட்டைக் கூட்டி இதைத் தீர்க்க ஏலாது.

ஸ்கிரிப்ட் ஓடும்போதே அந்தப் பிள்ளையின்ட இலக்கத்தை எம்டி5 ஆக்கிப் பாருங்க, பழையதோட ஒத்தா குறி போடுங்க. அவங்களை லொகின் ஆனதும் மாத்தச் சொன்னா மட்டும் பத்தாது, இலக்கம் தெரிஞ்ச ஆரும் முந்திப் போய் மாத்திருவான். பதிஞ்ச போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க: ரேண்டம்_இன்ட்டால (ஊகிக்க ஏலாத எண் தாற பிஎச்பி ஃபங்ஷன்) 6 இலக்கம், 10 நிமிசம் மட்டும் செல்லும், 5 தரத்துக்கு மேல அடிக்க ஏலாது. ஐபியை மட்டும் வைச்சுப் பூட்டாதீங்க. டியூட்டரி வைஃபையில முழு வகுப்புக்கும் ஒரே ஐபி.

கல்லடிப்பாலம்:
நன்றி நானா. 255 ஆக்கி வெரிஃபை போட்டதும் டெஸ்ட் அக்கவுண்ட் போகுது. குறி விழுறவங்களை பேட்ச் பேட்ச்சா விடுறன். தமிழில பாஸ்வேர்ட் போட விடலாமா?

வாவிக்கரை:
விடலாம். ஆனா பிகிரிப்ட் முதல் 72 பைட்டைத்தான் பார்க்கும். யுடிஎஃப்-8இல தமிழ்க் குறி ஒவ்வொண்டும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனி. 'மட்டக்களப்பு' 12 குறி, 36 பைட். அதை ரெண்டு தரம் அடிச்சா 72 நிரம்பிச்சு. அதுக்குப் பிறகு என்ன அடிச்சாலும் கணக்கில வராது. ஸ்ட்ர்லென்னால அளந்து 72 தாண்டினா மறுங்க. எம்பி_ஸ்ட்ர்லென் வேணாம், அது பைட்டை எண்ணாது.

கொ, கோ, கௌ இன்னொரு தலையிடி. ஒரு கீபோர்ட் உயிர்க்குறியை ஒண்டா அனுப்பும், இன்னொண்டு முன்கொம்பையும் காலையும் பிரிச்சு அனுப்பும். திரையில ஒண்டுதான், ஹாஷ் வேற. போனில பதிஞ்ச பிள்ளை கம்பியூட்டரில நுழைய ஏலாம நிக்கும். ஹாஷ், வெரிஃபை ரெண்டுக்கும் முதல் நோர்மலைசரில என்எஃப்சி (பிரிஞ்ச குறிகளை ஒண்டாச் சேர்க்கிற யூனிகோட் வடிவம்) ஆக்குங்க. அதுக்கு வேணுமான இன்டில் எக்ஸ்டென்ஷன் ஹோஸ்டிங்கில இருக்கா எண்டு பார்த்துக்கொள்ளுங்க. வகை 1ஐச் சரிபார்க்கும்போது மட்டும் இதைப் போடாதீங்க, பழைய எம்டி5 அப்பிடி எடுத்ததில்ல.