உறைபனியில சைக்கிள் பிரேக் பிடிக்குதில்ல, ஒரு வழி சொல்லுங்க

அண்ணமாரே, அக்காமாரே, நுவரெலியாவில இருந்து நானுஓயாவுக்கு தினமும் சைக்கிள்லதான் வேலைக்குப் போறேன். காலையில 5.30க்கு கிளம்பணும், முழுக்க இறக்கம். (திரும்பி வாறது பாதி தள்ளல்தான், அத விடுங்க.) ஜனவரி, பெப்ரவரின்னா கொழுந்தையே கருக்குற குளிர். நேத்து சீட்டுல உப்புத் தூவின மாதிரி பனி படிஞ்சிருந்துச்சி. ஈர ரிம்முல பிரேக் கட்டை வழுக்குது. விரல் மரத்துப்போய் பிரேக்க அமுக்குறேனான்னே தெரியல.

கனடாவில இருக்கிற மச்சான் ஆணி வச்ச டயர் போடச் சொல்றான். அது ஐஸ் இறுகுன ரோட்டுக்கு. இங்க வெளுக்குறது புல்லுதான், தார் ரோடு வெறும் ஈரம்.

கட்டைய மாத்தினா போதுமா, டிஸ்க் பிரேக் சைக்கிளே வாங்கணுமா? கம்பளிக் கையுறைக்கு மேல ரப்பர் கையுறை போட்டு ஓட்டிப் பாத்தவங்க இருக்கீங்களா? மூடுபனியில எதிர்ல வாற பஸ்ஸுக்குத் தெரியிற லைட் எது?