'ஸ்ஸ்ஸ்' என்ற சத்தத்துக்கு ஒரு சொல் வேண்டும்: இரைச்சலா, சீறலா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினி ஒலியமைப்புக்கான உதவிப்பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மற்ற சரங்கள் (மொழிபெயர்க்க வேண்டிய உரைத்துண்டுகள்) எல்லாம் முடிந்துவிட்டன. ஒரே ஒரு பத்தியில் மூன்று நாளாக நிற்கிறேன். பத்தி சொல்வது இவ்வளவுதான்: எதுவும் ஓடாதபோது ஒலிபெருக்கியில் மெல்லிய 'ஹிஸ்' (அந்த 'ஸ்ஸ்ஸ்') கேட்டால் அது இயல்பு, பயம் வேண்டாம், 'ஹம்' ('ம்ம்ம்' என்ற சத்தம்) கேட்டால் கம்பிகளைப் பாருங்கள், கரகரவென்றால் செருகியைப் பாருங்கள். நடுவில் 'நாய்ஸ்' என்ற பொதுச்சொல்லும் இரண்டு இடத்தில் வருகிறது.

நாய்ஸுக்கு 'இரைச்சல்' போட்டேன். ஹிஸ்ஸுக்கும் 'இரைச்சல்' போட்டேன். ஹம்முக்கு என்ன போடுவது என்று தெரியாமல் அதற்கும் அதையே போட்டேன். திரும்பப் படித்தால், "இரைச்சல் கேட்டால் அது இயல்பு, இரைச்சல் கேட்டால் கம்பியைப் பாருங்கள்" என்று வருகிறது. படிப்பவர் கம்பியை விட்டுவிட்டு என்னைத்தான் தேடுவார்.

அகராதிகளைப் புரட்டியதில் 'சீறல்' கிடைத்தது. 'உங்கள் ஒலிபெருக்கி சீறுகிறதா?' என்று எழுதக் கை வரவில்லை. உதவுங்கள்.

— உதவிப்பக்கம் எழுதுபவள்

* * *

> 'உங்கள் ஒலிபெருக்கி சீறுகிறதா?' என்று எழுதக் கை வரவில்லை.

எனக்கு வரும். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஒலிக்கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். சில நாள் முன்பு ஒருவர் புதிதாக வாங்கிய ஒரு ஜோடி ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இரைச்சல் வருதுங்க" என்றார். எப்படிப்பட்ட இரைச்சல் என்று கேட்டேன். "இரைச்சல்தாங்க" என்றார். வேறு வழியில்லாமல் நானே வாயால் செய்து காட்டினேன்: "ஸ்ஸ்ஸ்னு வருதா, ம்ம்ம்னு வருதா?" அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுவிட்டு, "ஸ்ஸ்ஸ்" என்றார். பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். 'ம்ம்ம்' என்று சொல்லியிருந்தால் ஸ்குரூடிரைவரை எடுத்திருப்பேன். நோய்க்குறி முழுவதும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது. நம் சொல்லோ இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது. அதனால் இந்த இழையை நான் வெறும் மொழி விவகாரமாகப் பார்க்கவில்லை.

சொல் தேடுவதற்கு முன் பொருளைப் பிடித்துக்கொள்வோம். ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் ஒரு பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறது. (ஸ்பீக்கருக்கு நாம் 'ஒலிபெருக்கி' என்று பெயர் வைத்துவிட்டோம், இப்போது 'ஒலிபெருக்கியின் பெருக்கி' என்று எழுத வேண்டியிருக்கிறது. இலங்கைக்காரர்கள் 'விரியலாக்கி' என்று வைத்துத் தப்பித்துக்கொண்டார்கள்.) சுவிட்சைப் போட்டதும் அது விழித்துக்கொள்ளும். பாட்டு ஓடுகிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. உள்ளே வருவதை 20, 30 மடங்காக்கி வெளியே தள்ளும். ஒன்றுமே வராத நேரம் என்று ஒன்று அதற்குக் கிடையாது. மின்தடைக்குள் இருக்கும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைந்துகொண்டிருக்கும், அந்த அலைச்சலே ஒரு சிறு மின்னழுத்தம். 1928-இல் ஜான்சன் அளந்து எழுதியதும், அதே ஆண்டு நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கியதும் இதைத்தான். 10 கிலோஓம் மின்தடை ஒன்று, சாதாரண அறை வெப்பத்தில், காதுக்கு எட்டும் 20,000 ஹெர்ட்ஸுக்குள் ஏறத்தாழ 1.8 மைக்ரோவோல்ட் தரும். அதை அத்தனை மடங்காக்கி, பெருக்கிச் சில்லின் சொந்தச் சத்தத்தையும் மேலே சேர்த்தால், கூம்பில் காதை ஒட்டி வைப்பவருக்குக் கேட்கிற அளவுக்கு வந்துவிடும்.

இதில் சுருதி கிடையாது. எல்லா அதிர்வெண்ணும் ஏறத்தாழச் சமமாகக் கலந்திருக்கும். நம் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை மிகவும் கூர்மையானது, அந்தப் பகுதிதான் மேலோங்கிக் கேட்கும். அதுதான் 'ஸ்ஸ்ஸ்'. 'ம்ம்ம்' வேறு சாதி. அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும். அதற்குச் சுருதி உண்டு, வேண்டுமானால் கூடவே பாடலாம். பெரும்பாலும் கம்பி உறை விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டு கருவிகளுக்கு நடுவே தரை இணைப்பு வளையமாகச் சுற்றியிருக்கும், அல்லது மின்வழங்கியில் மின்தேக்கி வயதாகிப்போயிருக்கும்.

இயல்பா இல்லையா என்று பார்க்க நான் செய்வது இது. பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்தால் கேட்டு, நாற்காலியில் சாய்ந்ததும் மறைந்துவிட்டால் அதை விட்டுவிடலாம். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபெல் குறையும். 10 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் நடுவே 20 டெசிபெல் போய்விடும், சுவர் திருப்பி அனுப்புவது தனி. உட்கார்ந்த இடத்திலேயே கேட்டால் ஒலிக்கம்பியை ஒலிபெருக்கியின் பக்கம் கழற்ற வேண்டும். கணினிப் பக்கம் கழற்றினால் தொங்குகிற கம்பியே ஏரியலாகி 'ம்ம்ம்' என்று ஊரைக் கூட்டும், அதன் நுனியைத் தொட்டால் இன்னும் மோசம். கழற்றிய பிறகும் 'ஸ்ஸ்ஸ்' அப்படியே இருந்தால் அது பெட்டியின் சொந்தச் சத்தம், மலிவான பெருக்கி என்று அர்த்தம். நின்றுவிட்டால் கணினியிலிருந்து வருகிறது. பாதி நேரம் ஒலிவாங்கியின் வழி திறந்தபடி வெளியீட்டில் கலந்திருக்கும், மூடினால் போச்சு. இல்லாவிட்டால் கணினியில் ஒலியளவை 20-இல் வைத்துவிட்டு ஒலிபெருக்கியின் குமிழை முழுக்கத் திருகியிருப்பார்கள். மாற்றிச் செய்ய வேண்டும்: கணினியில் ஏறக்குறைய முழுசு, குமிழைக் குறைவாக.

சொல்லுக்கு வருகிறேன். கேசட் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தம் பழைய சிநேகிதம். பாட்டு தொடங்குவதற்கு முன்பே அது தொடங்கிவிடும். டால்பி பி என்ற பொத்தான் அதை 10 டெசிபெல் போல அமுக்குவதற்காகத்தான் இருந்தது. அப்போதும் நாங்கள் அதைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை, வாயால்தான் செய்து காட்டினோம். 'சீறல்' அந்த வாய்ச்சத்தத்துக்கு மிக அருகில் இருக்கிறது என்பது என் கட்சி. ஹம்முக்கு 'உறுமல்'. வாடிக்கையாளர்களே "பெட்டி உறுமுதுங்க" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

— பழுது பார்ப்பவன்

* * *

ஒரு பெட்டிக்குள் சீறல், உறுமல் எல்லாம் வைத்தால் மிருகக்காட்சிசாலை ஆகிவிடாதா? பேசாமல் 'ஹிஸ்' என்றே எழுதினால் என்ன? எல்லோருக்கும் புரியும்.

* * *

> 'ஹிஸ்' என்றே எழுதினால் என்ன? எல்லோருக்கும் புரியும்.

எனக்குப் புரியவில்லை, இந்த இழையைப் படிக்கும் வரை. ஸ்பீக்கர், வால்யூம், கேபிள் எல்லாம் வீட்டில் புழங்குகிற சொற்கள். 'ஹிஸ்' அப்படிப் புழங்கவில்லை. புழங்காத சொல்லை இறக்கினால் அதற்கும் விளக்கம் எழுத வேண்டும், அந்த உழைப்பைத் தமிழ்ச்சொல்லுக்கே செய்துவிடலாம்.

பழுது பார்க்கும் தம்பி சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு.

'இரைச்சல்' பொதுச்சொல்லாகவே இருக்கட்டும். வெண்ணிரைச்சல் (ஒயிட் நாய்ஸ்), இரைச்சல் நீக்கம் என்று வேர் பிடித்துவிட்டது, அதைப் பிடுங்கக்கூடாது. ஆனால் இந்த மெல்லிய சத்தத்துக்கு அது பொருந்தாது. கடல் இரையும், மழை இரையும், கோபம் வந்தால் மனிதரும் இரைவார்கள். எல்லாம் பெருஞ்சத்தம். காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கும் ஒன்றை இரைச்சல் என்றால், இல்லாத நோயை நாமே உண்டாக்குகிறோம். தம்பியிடம் பெட்டியைத் தூக்கிவந்தவர் பாதித் தூரம் அந்தச் சொல்லால்தான் வந்திருப்பார்.

தனிமடலில் ஒருவர் 'அரவம்' என்று எழுதியிருந்தார். ஒலி என்றும் பொருள், பாம்பு என்றும் பொருள், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று அவருக்கு மகிழ்ச்சி. அழகுதான். ஆனால் இன்று 'அரவம்' தனியாக நடமாடுவதில்லை. 'ஆள் அரவம் இல்லை', 'அரவமில்லாமல் வந்தான்' என்று இல்லாமையோடு ஒட்டித்தான் வருகிறது. 'அரவம் கேட்டால் இயல்பு' என்றால் திருடன் வந்ததாக நினைப்பார்கள்.

'சீறல்' சத்தத்தைப் பிடிக்கிறது, கூடவே கோபத்தையும் இழுத்து வருகிறது. அந்த அம்மாவுக்குக் கை வராமல் போனது அதனால்தான். 'ஒலி'யோடு சேர்த்துவிடுங்கள்: சீறொலி. சீறும் ஒலி, வினைத்தொகை. இன்னொன்றையும் பாருங்கள். சிறுமை + ஊர் என்பது தன்னொற்று இரட்டினால் சிற்றூர், முதலெழுத்து நீண்டால் சீறூர். சிறிய அடி சீறடி ஆவதும் அப்படித்தான். அதே வழியில் சிறுமை + ஒலி = சீறொலி. சீறுகிற ஒலி என்று பிரித்தாலும் சரி, சிறிய ஒலி என்று பிரித்தாலும் சரி, இரண்டும் இந்தச் சத்தத்துக்கே பொருந்துகின்றன. இதை நான் திட்டமிட்டு வரவில்லை. தாளில் எழுதிப் பார்த்தபோது கண்ணில் பட்டது. நேற்று இரவு அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை.

உறுமலில் நான் கைவைக்கவில்லை. 'முரலொலி' சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன், வண்டு முரலும் என்பதால். முரல்வதில் ஓர் இனிமை இருக்கிறது. ரீங்காரத்துக்கும் அதே குறை. கம்பியைப் போய்ப் பார் என்று எழுப்ப வேண்டிய சொல் தாலாட்டக்கூடாது.

— ஓய்வுபெற்ற தமிழாசிரியன்

* * *

ஐயா, சீறொலியை எடுத்துக்கொண்டேன். வீட்டில் சோதித்தும் பார்த்துவிட்டேன். விளக்கம் எதுவும் சொல்லாமல் என் தங்கையிடம் "ஸ்பீக்கர்ல சீறொலி வருதா பாரு" என்றேன். பெட்டியில் காதை வைத்துவிட்டு, "ஸ்ஸ்ஸ்னு லேசா வருது, அதுவா?" என்றாள். அது போதும்.

அண்ணா, நீங்கள் சொன்ன கம்பிச் சோதனையையும் செய்தேன். என் பெட்டியில் சீறொலி நின்றுவிட்டது. பார்த்தால் ஒலிவாங்கியின் வழி மாதக்கணக்கில் திறந்தே கிடந்திருக்கிறது. அந்தச் சோதனையைப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன், மூலத்தில் இல்லை என்றாலும்.

பத்தி இப்போது இப்படி:

"எதுவும் ஒலிக்காதபோது ஒலிபெருக்கியின் அருகே மெல்லிய சீறொலி கேட்கலாம். இது பெருக்கியின் இயல்பான இரைச்சல், பழுது அல்ல. உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டால், ஒலிக்கம்பியை ஒலிபெருக்கியின் பக்கம் கழற்றிப் பாருங்கள். சீறொலி நின்றால் கணினியில் ஒலிவாங்கியின் வழியை மூடுங்கள். கணினியின் ஒலியளவைக் கூட்டி ஒலிபெருக்கியின் குமிழைக் குறையுங்கள். உறுமல் கேட்டால் கம்பிகளையும் தரை இணைப்பையும் சரிபாருங்கள். கரகரப்பு கேட்டால் செருகியைக் கழற்றி மீண்டும் செருகுங்கள்."

ஒரே ஒரு சரம் பாக்கி. யூஎஸ்பியில் மின்சாரம் எடுக்கும் ஒலிபெருக்கிகளில், மவுஸை அசைக்கும்போதெல்லாம் உயர்ந்த சுருதியில் ஒரு சத்தம் வருமே, அதற்கு.

* * *

அது கணினிக்குள் நடக்கும் வேலையின் சத்தம் மின்வழியில் ஏறி வருவது. பக்கத்தை உருட்டினாலும் வரும். தனி மின்வழங்கி கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். 'கீச்சொலி' என்று போடும்மா.

* * *

போட்டுவிட்டேன் அண்ணா. முதலில் 'எலியை அசைத்தால் கீச்சொலி வரும்' என்று எழுதியிருந்தேன். மிருகக்காட்சிசாலை என்று கேட்ட நண்பருக்காக 'சுட்டி' என்று மாற்றிவிட்டேன்.